மேலே பால் திரிகிறது, கீழே ஐஸ் கல்லாக இருக்கிறது: கீழ் ஃப்ரீசர் ஃப்ரிட்ஜில் கோளாறு பார்ப்பது எப்படி

"கேஸ் போயிருச்சாம் தம்பி. நாலாயிரம் ஆகும்னு சொல்லிட்டுப் போயிருக்கார் மெக்கானிக்" என்றார் எதிர் வீட்டு அத்தை. நான் ஒன்றுதான் கேட்டேன். கீழே ஐஸ்கிரீம் எப்படி இருக்கிறது? "அது கல்லு மாதிரி இருக்கு. மேல வச்ச பால்தான் காலையில திரிஞ்சு போச்சு."

கீழே கல் மாதிரி உறைந்திருந்தால் கேஸ் எங்கேயும் போகவில்லை. போனது காற்று. அத்தை வீட்டு ஃப்ரிட்ஜ், அக்கா வீட்டு ஃப்ரிட்ஜ், எங்கள் ஃப்ரிட்ஜ் என்று ஃப்ரீசர் கீழே இருக்கும் ஃப்ரிட்ஜ்களை ஏழெட்டு தடவை கழற்றி மாட்டியிருக்கிறேன். அவற்றில் பாதிக்கு மேல் இதே கதைதான். எங்கள் ஃப்ரிட்ஜுக்கே தேவையில்லாமல் ஒருமுறை கேஸ் ஏற்றிய அனுபவமும் உண்டு. இரண்டு வாரம் ஓடிவிட்டு மறுபடியும் பால் திரிந்தது. அந்த இரண்டு வாரம் ஏன் ஓடியது என்பது பிறகுதான் புரிந்தது. அதைக் கீழே சொல்கிறேன்.

இந்த வகையில் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குளிரை உண்டாக்கும் காயில் பெரும்பாலான மாடல்களில் ஒன்றே ஒன்றுதான். அது ஃப்ரீசரின் பின்சுவர் கவருக்குள் இருக்கிறது. பக்கத்தில் ஒரு சின்ன ஃபேன். அந்த ஃபேன்தான் குளிர்காற்றைப் பின்பக்கக் குழாய் வழியாக மேலே தள்ளுகிறது. குளிர்காற்று இயல்பாகவே கீழே இறங்கும். ஃப்ரீசர் மேலே இருக்கும் பழைய மாடலில் அது தானாக இறங்கி ஓரளவு காப்பாற்றும். இதில் ஃபேன் தள்ளினால்தான் மேலே குளிர்.

தொடங்கும் முன்

ஸ்விட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே கழற்றிவிடுங்கள். பின்பக்கமோ உள்ளேயோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் ஆர்-600ஏ என்று போட்டிருந்தால் உள்ளே இருப்பது எரியக்கூடிய வாயு. அதற்காகப் பயப்பட வேண்டாம். அளவு பல வீட்டு ஃப்ரிட்ஜ்களில் 100 கிராமுக்கும் குறைவுதான். ஆனால் ஐஸைக் கத்தியாலோ ஸ்க்ரூ டிரைவராலோ குத்திப் பெயர்க்கக் கூடாது. காயில் அலுமினியம். ஒரு குத்தில் ஓட்டை விழுந்துவிடும். அப்போது நிஜமாகவே கேஸ் போகும்.

கையில் வேண்டியவை: ஸ்க்ரூ டிரைவர், டார்ச், ஒரு தெர்மாமீட்டர், மருந்துக் கடையில் கிடைக்கும் 50 மில்லி சிரிஞ்ச். மல்டிமீட்டர் இருந்தால் நல்லது. வாரண்டி இன்னும் இருந்தால் எந்த ஸ்க்ரூவையும் தொட வேண்டாம். கம்பெனிக்குப் போன் போடுங்கள்.

குளிர் போதுமா என்பதைக் கையை விட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு நடுத்தட்டில் இரவு முழுக்க வையுங்கள். காலையில் 3 முதல் 5 டிகிரிக்குள் இருந்தால் மேல் பகுதி சரி. ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும்.

அறிகுறி: கீழே நன்றாக உறைகிறது, மேலே குளிரே இல்லை

முதலில் காசு செலவில்லாத காரணங்கள்.

மேல் பகுதியின் பின்சுவரில் காற்று வரும் துளைகள் இருக்கும். அதற்கு நேர் எதிரே நம் வீடுகளில் பெரும்பாலும் மாவுப் பாத்திரம்தான் உட்கார்ந்திருக்கும். அகலமான பாத்திரம், ஆறு லிட்டர் இட்லி மாவு, துளையை அடைத்துக்கொண்டு. இல்லையென்றால் கொத்தமல்லி கட்டிய பாலிதீன் கவர் உறிஞ்சப்பட்டு, காற்று திரும்பும் துளையில் ஒட்டியிருக்கும். இந்தத் திரும்பு துளை பெரும்பாலும் மேல் பகுதியின் அடியில், காய்கறி டப்பாவுக்குப் பின்னால் இருக்கும். பலரும் அப்படி ஒன்று இருப்பதையே கவனித்திருக்க மாட்டார்கள். இரண்டையும் ஒரு சாண் தள்ளி வைத்துவிட்டு ஒரு நாள் பாருங்கள்.

அடுத்து, கதவை மூடினால் உள்ளே விளக்கு அணைகிறதா? போனில் வீடியோ பதிவை ஓடவிட்டு உள்ளே வைத்துக் கதவை மூடுங்கள். பத்து விநாடி கழித்து எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். விளக்கு அணையவில்லை என்றால் கதவு ஸ்விட்ச் கெட்டிருக்கிறது, அல்லது கதவு முழுதாக மூடவில்லை. பல மாடல்களில் கதவு திறந்திருப்பதாக நினைத்து ஃபேன் நின்றுவிடும். ஸ்விட்ச் மலிவான சாமான்.

இதெல்லாம் சரியென்றால் ஃபேனைக் கேளுங்கள். பிளக் மாட்டியிருக்க, கதவைத் திறந்து, கதவு ஸ்விட்சை விரலால் அழுத்திப் பிடித்தபடி காதைக் கொடுங்கள். மேல் கதவுக்கும் கீழ் கதவுக்கும் தனித்தனி ஸ்விட்ச் இருந்தால் இரண்டையும் அழுத்த வேண்டும். மெல்லிய 'உய்ய்' சத்தம் கேட்க வேண்டும். மேல் துளையில் ஒரு டிஷ்யூ பேப்பரைப் பிடித்தால் அது ஆட வேண்டும்.

ஃபேன் ஓடுகிறது, மேலே காற்றும் வருகிறது என்றால்

காற்று சில்லென்று இல்லையா? அப்படியானால் மேலே தனிக் காயில் இருக்கும் விலை கூடிய மாடலா என்று பாருங்கள். மேல் பகுதியின் பின்சுவர் அடியில் சின்ன வடிகால் துளை இருந்தால் அந்த வகையாக இருக்கலாம். அதில் கீழே உறைந்து மேலே சூடாக இருப்பது வால்வு கோளாறாகவும் இருக்கக்கூடும். உங்கள் வேலை அத்தோடு முடிந்தது, மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். காற்று சில்லென்று இருந்தும் மேலே 5 டிகிரிக்கு இறங்கவில்லை என்றால் கதவு ரப்பரைப் பாருங்கள். அதன் சோதனை கீழே 'பனி' என்ற தலைப்பில் இருக்கிறது.

ஃபேன் ஓடவே இல்லை என்றால்

ஃப்ரீசர் கூடைகளை எடுத்துவிட்டுப் பின் கவரைக் கழற்ற வேண்டும். பிளக்கைக் கழற்றிய பிறகு ஃபேனை விரலால் சுற்றிப் பாருங்கள். ஐஸில் இறுகியிருந்தால் ஃபேன் குற்றவாளி இல்லை. அடுத்த பகுதிக்குப் போங்கள். தாராளமாகச் சுற்றுகிறது, ஆனால் கரண்ட் கொடுத்தால் ஓடவில்லை என்றால் ஃபேன் மோட்டார், அல்லது எல்லாவற்றையும் இயக்கும் எலக்ட்ரானிக் போர்டு. ஃபேன் மோட்டாரைப் பழையதைக் கையில் கொண்டுபோய்க் காட்டி அதே எண்ணில் வாங்கி நாமே மாட்டலாம். கனெக்டரைப் பிடுங்கிச் செருகுவதுதான் வேலை. புதிய மோட்டாரும் ஓடவில்லையென்றால் போர்டு. அது மெக்கானிக் வேலை.

ஃபேன் ஓடுகிறது, மேலே காற்று இல்லை என்றால்

இதுதான் அத்தை வீட்டுக் கதை. கவரைக் கழற்றினேன். உள்ளே காயில் எங்கே என்றே தெரியவில்லை. தலையணை உறையைப் பிரித்துப் பஞ்சைத் திணித்த மாதிரி மேலிருந்து கீழ்வரை வெள்ளை. ஃபேனைச் சுற்றி ஒரு சின்னக் குகை மட்டும் பாக்கி. அதற்குள் ஃபேன் நல்ல பிள்ளையாகச் சுற்றிக்கொண்டிருந்தது. காற்று மேலே போக வழியில்லை. ஃப்ரீசர் மட்டும் அந்த ஐஸ் பாறையின் பக்கத்தில் இருப்பதால் உறைந்துகொண்டே இருந்தது.

சாதாரணமாக இந்தப் பனியைக் கரைக்க அடியில் ஒரு ஹீட்டர் உண்டு. பழைய டைமர் மாடல்களில் ஏறக்குறைய 8 முதல் 12 மணி நேரம் ஓடியபின் ஒருமுறை அது எரியும். ஹீட்டரும் அதோடு ஒரே வரிசையில் இணைந்த சாமான்களும் சேர்ந்ததுதான் ஹீட்டர் வரிசை. அதில் ஏதோ ஒன்று அறுந்தால் பனி நாளுக்கு நாள் தடித்துக்கொண்டே போகும்.

முதலில் எல்லாவற்றையும் கரைத்துவிடுங்கள். சாமான்களைப் பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜுக்கு அனுப்பிவிட்டு, பிளக்கைக் கழற்றி, கதவுகளைத் திறந்து வைத்து, எதிரே ஒரு டேபிள் ஃபேன். பின் கவரைக் கழற்றி வைத்தால் அரை நாளில் முடியும். கழற்றாமல் என்றால் 24 மணி நேரம் விடுங்கள். வெந்நீர்ப் பாத்திரம் ஒன்றை ஃப்ரீசருக்குள் வைத்து மாற்றிக்கொண்டே இருந்தால் இன்னும் சீக்கிரம். அடியில் பழைய வேட்டிகளைப் போட மறக்காதீர்கள். பின்னால் இருக்கும் ட்ரே இவ்வளவு தண்ணீரைத் தாங்காது.

மறுபடி ஓடவிட்ட பிறகு நாட்களை எண்ணுங்கள். மல்டிமீட்டரை விட எனக்கு அதிகம் சொன்னது இந்தக் கணக்குதான்.

ஒரு நாள்கூட சரியாகக் குளிரவில்லை: பனி காரணமில்லை. ஃபேன், டேம்பர் (கீழே சொல்கிறேன்), அல்லது நிஜமாகவே கேஸ்.

ஒன்று முதல் இரண்டு வாரம் அருமையாக ஓடிவிட்டுப் பழையபடி ஆனது: ஹீட்டர் வரிசைக் கோளாறு, கிட்டத்தட்ட உறுதி.

சில மாதம் ஓடியது: கதவு ரப்பர் கசிவு, கூடை இடித்துக் கதவு மூடாதது, அல்லது வடிகால் அடைப்பு.

எங்கள் ஃப்ரிட்ஜ் கேஸ் ஏற்றியபின் இரண்டு வாரம் ஓடியதன் ரகசியமும் இதுதான். கேஸ் ஏற்றுவதற்காக மெக்கானிக் அதை அரை நாள் அணைத்து வைத்திருந்தார். ஐஸ் கரைந்தது. பில்லில் மட்டும் கேஸ் என்று எழுதியிருந்தார்.

டேம்பர் என்பது மேலே போகும் காற்றை அளந்துவிடும் சின்னக் கதவு. மேல் பகுதியில் காற்றுத் துளைக்குப் பின்னால் இருக்கும். மூடிய நிலையிலேயே சிக்கியிருந்தால் கரைத்த பிறகும் மேலே காற்று வராது. கையால் திருகும் வகையில் திருகியைக் கடைசிவரை திருப்பிப் பாருங்கள். மோட்டார் வகையென்றால் தனிச் சாமானாக மாற்ற வேண்டியதுதான்.

ஹீட்டர் வரிசையைச் சோதிப்பது

பிளக் கழற்றியே இருக்க வேண்டும். காயிலைச் சுற்றி மூன்று சாமான்கள் கிடைக்கும்.

தெர்மல் ஃப்யூஸ்: மெல்லிய, ஒயரோடு வரும் சின்ன உருளை, பெரும்பாலும் பிளாஸ்டிக் உறைக்குள். பல மாடல்களில் 70 டிகிரியைக் கொஞ்சம் தாண்டினால் அறுந்துவிடும். மீட்டரைக் கன்டினியூட்டியில், அதாவது ஒயர் அறுந்திருக்கிறதா என்று பார்க்கும் நிலையில் வைத்துத் தொட்டால் 'பீப்' கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் அறுந்துவிட்டது. அத்தை வீட்டில் அறுந்திருந்தது இதுதான்.

பைமெட்டல்: காயில் குழாயில் கிளிப் போட்டு மாட்டிய வட்டமான சாமான். அறை வெப்பத்தில் இது பீப் போடாது. போடாவிட்டால் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நான் ஒரு நல்ல பைமெட்டலை இப்படித் தூக்கிப் போட்டிருக்கிறேன். வேறொரு ஃப்ரீசரில் ஒரு மணி நேரம் வைத்து, எடுத்த கையோடு சோதியுங்கள். அப்போது பீப் வர வேண்டும். இப்போது வரும் பல மாடல்களில் பைமெட்டலுக்குப் பதில் சென்சார் இருக்கும். அதன் ஓம் அளவு குளிரக் குளிரக் கூடிக்கொண்டே போக வேண்டும். கூடவில்லை, அல்லது மீட்டர் எதுவுமே காட்டவில்லை என்றால் மாற்றுங்கள்.

ஹீட்டர்: காயிலின் அடியில் அல்லது காயிலோடு பின்னியபடி இருக்கும். 230 வோல்ட்டில் 150 முதல் 200 வாட் ஹீட்டர் என்றால் மீட்டரில் ஏறக்குறைய 260 முதல் 350 ஓம் காட்டும். எதுவும் காட்டாவிட்டால் உள்ளே அறுந்திருக்கிறது.

ஃப்யூஸ் சும்மா அறுவதில்லை. பைமெட்டல் நேரத்துக்குத் திறக்காமல் ஒட்டிக்கொண்டால் ஹீட்டர் எரிந்துகொண்டே இருந்து ஃப்யூஸைக் கொண்டுபோகும். அதனால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். பல மாடல்களுக்கு இரண்டும் ஒரே ஒயரில் செட்டாகவே கிடைக்கும். சில நூறு ரூபாய் சமாச்சாரம்.

ஃப்யூஸ் கிடைக்கவில்லை என்று ஒயரை நேராக முறுக்கிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அனுமதிக்காதீர்கள். சுற்றிலும் பிளாஸ்டிக், குழாய்க்குள் எரியும் வாயு. பைமெட்டல் ஒட்டிக்கொள்ளும் அன்று ஹீட்டரை நிறுத்த ஆள் இருக்காது.

மூன்றும் சரியாக இருந்தும் பனி கட்டுகிறது என்றால் டைமர் அல்லது போர்டு. டைமர் உள்ள மாடலில் அதன் நடுவில் ஒரு திருகி உண்டு. 'டிக்' கேட்கும்வரை ஸ்க்ரூ டிரைவரால் மெல்லத் திருப்பினால் கம்ப்ரசர் நின்று ஹீட்டர் தொடங்க வேண்டும். போர்டு மாடலில் நீங்கள் செய்ய ஒன்றுமில்லை. மெக்கானிக்கை அழைத்து, "ஹீட்டர், ஃப்யூஸ், சென்சார் பார்த்துவிட்டேன், டிஃப்ராஸ்ட் ஆகவில்லை" என்று சொல்லுங்கள். இப்படிச் சொன்னால் பேச்சு கேஸில் தொடங்காது.

அறிகுறி: மேலும் கீழும் குளிர் இல்லை

பிளக்கில் வேறொரு சாமானை மாட்டிக் கரண்ட் வருகிறதா பாருங்கள். ஸ்டெபிலைசர் இருந்தால் அது சில நிமிடம் காத்திருந்துதான் கரண்ட் விடும். அப்புறம், விளக்கு எரிகிறது, டிஸ்ப்ளே மின்னுகிறது, ஃபேனும் ஓடுகிறது, குளிர் மட்டும் இல்லை என்றால் டெமோ மோடா என்று மேனுவலில் பாருங்கள். கடையில் காட்சிக்கு வைப்பதற்காக இருக்கும் அமைப்பு இது. குழந்தைகள் பட்டனை அழுத்தி விளையாடியதில் அக்கா வீட்டில் ஒருமுறை இப்படி ஆகி, இரண்டு நாள் வீடே தலைகீழாக நின்றது. செலவு பூஜ்யம்.

கம்ப்ரசர் சத்தமே இல்லை: பின்னால் அடியில் இருக்கும் கவரைக் கழற்றி டார்ச் அடியுங்கள். எலி கடித்த ஒயரும் போர்டில் செத்துக் கிடக்கும் பல்லியும் நம் ஊர் ஃப்ரிட்ஜ் கோளாறில் தனி அத்தியாயம். இன்வெர்ட்டர் கம்ப்ரசர் (வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓடும் வகை) என்றால் போர்டில் சின்ன விளக்கு மின்னுகிறதா, எத்தனை தடவை மின்னுகிறது என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். மெக்கானிக்குக் கோளாறு எண் அதுதான். போர்டைத் தொட வேண்டாம். பிளக் கழற்றிய பிறகும் அதில் கொஞ்ச நேரம் மின்சாரம் தங்கியிருக்கும். இன்வெர்ட்டர் கம்ப்ரசருக்கு நேராக 230 வோல்ட் கொடுத்துச் சோதிக்கிறேன் என்று யாராவது வந்தால் வாசலோடு திருப்பி அனுப்புங்கள். அதற்கு மின்சாரம் போர்டு வழியாகத்தான் போக வேண்டும்.

'டிக்' என்று சத்தம், இரண்டு மூன்று நிமிடம் மௌனம், மறுபடி 'டிக்': கம்ப்ரசர் தொடங்கப் பார்த்து முடியாமல் நிற்கிறது. முதலில் வோல்டேஜ். கத்திரி வெயில் காலத்தில் தெரு முழுக்க ஏசி ஓடும் இரவில் எங்கள் வீட்டில் 170 வோல்ட் பார்த்திருக்கிறேன். பகலில் சரியாகி இரவில் மட்டும் 'டிக்' கேட்டால் காரணம் ஃப்ரிட்ஜில் இல்லை. வோல்டேஜ் சரியென்றால், இன்வெர்ட்டர் இல்லாத சாதாரணக் கம்ப்ரசரில், அதன் பக்கவாட்டில் செருகியிருக்கும், கம்ப்ரசரைத் தொடங்கிவைக்கும் ரிலேயைப் பிடுங்கிக் காதருகே ஆட்டுங்கள். உள்ளே கலகலவென்று உடைந்த சில்லு சத்தம் கேட்டால் அது போய்விட்டது. ரிலே, அதன் பக்கத்தில் கம்ப்ரசர் சூடேறினால் கரண்டை நிறுத்தும் ஓவர்லோடு, இரண்டும் மலிவு. மாற்றிய பிறகும் 'டிக்' என்றால் கம்ப்ரசர். இந்த வரிசையில் விலை கூடிய சாமான் அதுதான். பத்து வருடம் தாண்டிய ஃப்ரிட்ஜ் என்றால் நான் அந்தப் பணத்தைப் போட மாட்டேன்.

கம்ப்ரசர் நிற்காமல் ஓடுகிறது, ஐஸ்கிரீமும் கஞ்சியாகிவிட்டது: இப்போது கேஸைச் சந்தேகப்படலாம். ஆனால் அதற்கு முன் ஃப்ரிட்ஜைச் சுவரிலிருந்து ஒரு சாண் இழுத்துவிட்டு, பின்னால் கம்பி வலை இருந்தால் தூசியைத் தட்டி ஒரு நாள் பாருங்கள். வலையே இல்லாத மாடல்களில் சூடு பக்கச் சுவர்கள் வழியாக வெளியேறும். பக்கம் சுடுவது கோளாறு இல்லை. ஸ்டிக்கரில் காலநிலை வகை 'டி' (T) என்றிருந்தால் அந்த ஃப்ரிட்ஜ் 43 டிகிரி சூடு வரைக்கும் கணக்குப் போட்டுச் செய்தது. சித்திரை மதியத்தில் அது மூச்சு விடாமல் ஓடுவதும் இயல்புதான்.

கேஸ் குறைந்திருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கரைத்துவிட்டு இரண்டு மணி நேரம் ஓடவிட்டு, பிளக்கைக் கழற்றி ஃப்ரீசரின் பின் கவரைத் திறந்து காயிலைப் பாருங்கள். மெல்லிய பனி காயில் முழுக்க ஒரே சீராகப் படிந்திருந்தால் கேஸ் இருக்கிறது. ஒரு முனையில் இரண்டு மூன்று வரிசையில் மட்டும் பனி, மற்றவை மொட்டையாக இருந்தால் கேஸ் குறைவு அல்லது குழாய் அடைப்பு. இங்கிருந்து மெக்கானிக் வேலை. வருகிறவரிடம் மூன்றைக் கேளுங்கள். கசிவு எங்கே என்று காட்டுவாரா? ஃபில்டர் மாற்றி வேக்யூம் எடுப்பாரா? ஸ்டிக்கரில் போட்ட கிராம் அளவுக்குத் தராசில் வைத்து ஏற்றுவாரா? கசிவை அடைக்காமல் ஏற்றிய கேஸ் எவ்வளவு நாள் இருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது.

அறிகுறி: தண்ணீர்

ஃப்ரீசரின் அடித்தளத்தில் கண்ணாடி மாதிரி ஐஸ் படலம், அல்லது கீழ் கதவின் வழியாகத் தரைக்குத் தண்ணீர்: வடிகால் துளை அடைப்பு. கரைந்த பனித் தண்ணீர் காயிலுக்கு அடியில் இருக்கும் ஒரு துளை வழியாகப் பின்னால் கம்ப்ரசர் பக்கம் இருக்கும் ட்ரேக்குப் போக வேண்டும். கம்ப்ரசரின் சூட்டில் ஆவியாகிவிடும். துளையில் பட்டாணித் தோலும் மீன் கவரின் துணுக்கும் சேர்ந்தால் தண்ணீர் தேங்கி அங்கேயே உறையும்.

ஃப்ரீசரின் பின் கவரைக் கழற்றி, சிரிஞ்சில் வெந்நீர் எடுத்துத் துளைக்குள் மெதுவாகப் பீய்ச்சுங்கள். பொறுமை வேண்டும். எனக்கு ஒருமுறை பதினைந்து சிரிஞ்ச் தேவைப்பட்டது. அப்புறம் 'களுக்' என்று ஒரு சத்தம், பின்னால் ட்ரேயில் தண்ணீர் விழும் ஒலி. அந்தச் சத்தம் கேட்கும்வரை கவரை மூடாதீர்கள். கூரான கம்பி விட வேண்டாம், குழாய் கிழியும். குழாயின் வெளி முனையில் ரப்பர் மூக்கு இருந்தால் அதையும் பிதுக்கிக் கழுவுங்கள், வழவழவென்று பாசி பிடித்திருக்கும்.

சில மாதத்துக்கொருமுறை இதே அடைப்பு வந்தால், ஹீட்டரின் சூட்டைத் துளைக்குள் கொண்டுபோகும் சின்ன அலுமினியத் தகடு விழுந்துவிட்டதா பாருங்கள். இல்லையென்றால் தடித்த செம்புக் கம்பியை வளைத்து, ஹீட்டரின் உலோக உறையில் தொங்கவிட்டு, மறுமுனையைத் துளைக்குள் விடலாம். மின் இணைப்பு முனைகளில் படவே கூடாது. கண்ணாடிக் குழாய் ஹீட்டரில் இதைச் செய்ய வேண்டாம்.

துளை சரி, ஆனால் பின்னால் தரை ஈரம்: ட்ரே விரிசல் அல்லது இடம் மாறியிருக்கும். வீடு மாற்றும்போது ஏற்றி இறக்கியதில் பெரும்பாலும் இது நடக்கும்.

மேலே காய்கறி டப்பாவுக்குள் தண்ணீர் என்றால், கழுவிய கீரையை உதறாமல் வைப்பதும் ஆறாத குழம்பை மூடாமல் வைப்பதும்தான் முக்கால்வாசி காரணம்.

அறிகுறி: ஃப்ரீசர் சாமான்கள் மேல் பனி

பனி எங்கே என்று பாருங்கள். பின்சுவர் முழுக்க என்றால் மேலே சொன்ன ஹீட்டர் வரிசை. முன்பக்கம், கதவு ஓரம், ஏதோ ஒரு மூலை என்றால் வெளிக்காற்று நுழைகிறது.

கீழ் ஃப்ரீசரில் இது அடிக்கடி வரக் காரணம் கூடை. மேல் கூடையில் துருத்திக்கொண்டிருக்கும் ஒரு மீன் கவர் போதும், கதவு நூலிழை திறந்தே நிற்கும். கூடைகளை எடுத்துவிட்டுக் கதவை மூடிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். பிறகு பத்து ரூபாய் நோட்டைக் கதவு ரப்பரில் வைத்து மூடி இழுங்கள். பிடிப்போடு வர வேண்டும்; வழுக்கிக்கொண்டு வரும் இடத்தில் கசிவு. நான்கு பக்கமும் செய்யுங்கள், கீழ் மூலைகளை விட்டுவிடாதீர்கள். ரப்பரைச் சோப்புத் தண்ணீரில் துடைத்து, வெந்நீரில் நனைத்த துணியால் ஒற்றி, மடிந்த இடத்தை இழுத்துவிட்டால் பாதி ரப்பர்கள் பிழைத்துக்கொள்ளும். கிழிந்ததை மாற்றத்தான் வேண்டும். முன் கால்களை அரைச் சுற்று உயர்த்தி ஃப்ரிட்ஜைப் பின்னால் லேசாகச் சாய்த்தால் கதவு தானே மூடிக்கொள்ளும்.

அறிகுறி: மேலே வைத்த வெண்டைக்காயும் பாலும் உறைகின்றன

துளைக்கு நேர் எதிரே இருப்பது மட்டும் உறைந்தால் நகர்த்தி வையுங்கள். எல்லாமே உறைந்தால் செட்டிங்கைக் குறைத்து ஒரு நாள் காத்திருங்கள். மாறவில்லை என்றால் டேம்பர் திறந்தே சிக்கியிருக்கிறது, அல்லது மேல் பகுதிச் சென்சார் தப்பாகச் சொல்கிறது. சென்சார் மலிவு, முதலில் அதை மாற்றுங்கள்.

அறிகுறி: சத்தம்

ஃப்ரீசர் கதவைத் திறந்ததும் நிற்கிறதா? ஃபேன் ஐஸில் உரசுகிறது. கரைத்துவிட்டு மேலே சொன்னபடி நாட்களை எண்ணுங்கள். கதவைத் திறந்தும் தொடர்ந்தால் பின்பக்கம்: ட்ரே அதிர்கிறதா, குழாய் ஒன்றோடொன்று தட்டுகிறதா என்று கையால் அழுத்திப் பாருங்கள்.

பயப்பட வேண்டாத சத்தங்களும் உண்டு. 'படக்' என்று பிளாஸ்டிக் முறிவது போல, தண்ணீர் ஓடுவது போலக் களகள, தோசைக் கல்லில் தண்ணீர் தெளித்தது போல 'சுர்ர்'. கடைசியில் சொன்னது பனித்துளி ஹீட்டரில் விழும் சத்தம். அது கேட்டால் ஹீட்டர் வேலை செய்கிறது.

அறிகுறி: தொட்டால் சுருக்கென்கிறது, அல்லது மெயின் ட்ரிப் ஆகிறது

சுருக்கென்றால் அந்த நிமிடமே மெயினில் அணைத்துப் பிளக்கைக் கழற்றுங்கள். முதலில் எலக்ட்ரீஷியன், சாக்கெட்டில் எர்த் இருக்கிறதா என்று அவர் பார்த்துச் சொன்ன பிறகுதான் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். வீட்டில் நாமே சோதிக்கும் விஷயம் இது இல்லை.

பிளக் மாட்டிய உடனே ட்ரிப் ஆனால் ஒயர் அல்லது கம்ப்ரசர். மணிக்கணக்கில் ஒழுங்காக ஓடிவிட்டு, யாரும் தொடாத நேரத்தில், அதிகாலை மூன்று மணிக்கு மெயினில் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) விழுகிறது என்றால் நேரத்தைக் குறித்து வையுங்கள். இரண்டு மூன்று முறை ஏறக்குறைய ஒரே இடைவெளியில் விழுந்தால், ஒவ்வொரு முறையும் ஹீட்டர் எரியத் தொடங்கும் தருணம் அது. ஹீட்டருக்குள் ஈரம் இறங்கி மின்சாரம் ஃப்ரிட்ஜின் உலோக உடம்புக்குக் கசிகிறது. குறித்த நேரங்களை மெக்கானிக்கிடம் காட்டி, ஹீட்டரை மாற்றச் சொல்லுங்கள். அவர் வரும்வரை பிளக்கை மாட்ட வேண்டாம். பால் பக்கத்து வீட்டில் இருக்கட்டும்.